முகட்டில் கடைசியாக வந்தவர்

காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்துக் காவல் குடிசை முன்னால் கார் நின்றபோது வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

அண்ணன் இறங்கியதும் முதல் வேலையாக இடது காலை மடக்கி நீட்டித் தங்கையிடம் காட்டினான்.

"பாத்துக்கோ டாக்டரம்மா. புதுக் கீல் போட்ட கதவு மாதிரி இருக்கு."

"நான் டாக்டர் இல்ல. கதவை ஓங்கி அடிக்காம இருந்தா சரி."

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் பதினாறு வருஷமாக அவள் பிழைப்பு. அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாலும், நடைக்கூடத்தில் வருவது யார், இடுப்பு மாற்றியவரா, கணுக்கால் உடைந்தவரா என்று காலடியை வைத்தே சொல்லிவிடுவாள். கூட வேலை பார்க்கிறவர்கள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். அவள் தோற்றதில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாயை மூட மாட்டான் என்பதால் வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் ரேடியோ. போன வருஷம் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்தபோது கால் வழுக்கி, இடது முட்டியில் தசைநார் அறுந்து போனது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் தங்கைதான் பயிற்சி கொடுத்தாள். அழுதான், திட்டினான், ஒளிந்துகூடப் பார்த்தான். அவள் விடவில்லை. வலியில்லாமல் நாலு மாடி ஏறி இறங்கினால் அவன் கேட்கிற மலைக்குத் தானே கூட வருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்குதான் இன்றைக்கு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அவள் கணவன் மருந்துக்கடைக்காரன். ஸ்டூல் மேல் ஏறிப் பல்பு மாட்டினாலே கை நடுங்கும். காரிலேயே இருந்துகொள்வதாக முதல் நாளே சொல்லிவிட்டான். ஆனால் பாதிக் கடையை ஒரு பைக்குள் திணித்து மனைவியின் தோளில் மாட்டினான்.

"மச்சான், நாலு மணிக்குள்ள வந்திடுங்க. எனக்கு அதுக்கு மேல தாங்காது."

"மாப்பிள்ளை, நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிங்க. நாங்க நிப்போம்."

காவலர் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். வயது தெரியாத, ஒல்லியான ஆள். "மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லைப் பாத்துக்கிட்டே போங்க. கணவாய் வரைக்கும் போயிட்டு அதே வழியில திரும்பிடுங்க. முகட்டுக்கு ஏற வேண்டாம். அங்க வழி கிடையாது."

"சரிங்க, சரிங்க" என்று அண்ணன் தலையாட்டினான். அவன் இப்படித் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். தங்கைக்கு அது தெரியும்.

ஒன்பதரைக்குக் கணவாய். இரண்டு மலைகள் தோள் கொடுத்துச் சேரும் தாழ்வான இடம் அது. அங்கே ஒரு மஞ்சள் கல்லில் உட்கார்ந்து அண்ணன் தண்ணீர் குடித்தான். எழுந்தான். பாதை வலப்பக்கமாகக் கீழே இறங்கியது. அவன் இடப்பக்கம் திரும்பிப் பாறைமேல் கையை வைத்தான்.

"அண்ணா."

"மூணே மூணு மேடு. மூணாவதைத் தாண்டினா அந்தப் பக்கமா இறங்கி இதே பாதையில சேந்துடலாம். மேப்புல பாத்து வச்சிருக்கேன்."

"அவர் ஏறாதீங்கன்னு சொன்னாரு."

"பாதையில போறதுக்கு எதுக்கு மலை? மாடிப்படி போதுமே!" என்று சொல்லிச் சிரித்தான். ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை. அதற்காகவே விட்டுக்கொடுத்தாள்.

முகடு பட்டினி கிடந்த மாட்டின் முதுகெலும்புபோல் நீண்டு கிடந்தது. சில இடங்களில் நடைக்கூடத்தின் அகலம் இருந்தது. சில இடங்களில் ஒரு பெஞ்சின் அகலம்தான். இரண்டு பக்கமும் பள்ளம். காலுக்குக் கீழே பாறைத் தகடுகள் அசைந்து சத்தம் போட்டன. வெயில் பட்ட கல்லின் வாசனை. அண்ணன் முன்னால் ஏறிக் கைகொடுத்தான்: "இந்தப் பக்கம் வா. பிடிமானம் நல்லா இருக்கு." அவள் அவனுடைய இடது முட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறினாள். முட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அவளுக்குத்தான் என்னவோ மனம் நிலைகொள்ளவில்லை. பையின் வாரை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள்.

முதல் மேட்டில் காற்று அடித்தது. இரண்டாவது மேட்டின் உச்சியில் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் அவள் கீழே பார்த்தாள். வலப்பக்கப் பள்ளத்தின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று மேலே ஏறிவந்தது. மேகம். ஒலியில்லாமல், அவசரமில்லாமல், பாறை பாறையாக விழுங்கிக்கொண்டு வந்தது. ஈரத் துருவின் வாசனை மூக்கில் ஏறியது.

"திரும்பிடலாம் அண்ணா."

"திரும்பினாலும் அதே தூரம்தான்" என்றான் அவன். குரலில் சிரிப்பு இல்லை.

பத்து நிமிஷத்தில் உலகம் நாலு முழத்துக்குச் சுருங்கிப்போனது. அண்ணனின் நீல மழைக்கோட்டு சாம்பலாகி, பிறகு நிழலாகி, பிறகு இல்லாமலே போனது. அவன் பேசிக்கொண்டே போனான், அவள் குரலைப் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று. முதலாளியைத் திட்டினான். பழைய சினிமாப் பாட்டின் பாதியை முனகினான். பிறகு ரேடியோவும் நின்றுவிட்டது.

அவன் காலடி மட்டும் கேட்டது. இடது, வலது. இடது, வலது. இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை. நல்ல நடை. அதைக் கேட்டுக்கொண்டே அவள் நடந்தாள்.

அப்போதுதான் இன்னொரு நடை கேட்டது.

பின்னாலிருந்து.

டக். சர்ர்ர். டக். சர்ர்ர்.

அவள் யோசிக்கும் முன்பே பதினாறு வருஷப் பழக்கம் யோசித்து முடித்துவிட்டது. வலது தொடையெலும்பு. முறிந்து சரியாகச் சேராமல் கால் குட்டையாகிப் போனவர். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கல்லில் உரசுவது பாதத்தின் ஓரம். இந்த நிலையில் இருப்பவர் கம்பியைப் பிடிக்காமல் ஒரு கூடத்தைக்கூடக் கடக்க மாட்டார்.

இங்கேயோ அவளே இரண்டு கையையும் ஊன்றித்தான் வந்திருந்தாள்.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. யாரோ அடிபட்டு, தனியாக, இந்த மூட்டத்தில் தவிக்கிறார் என்றுதான் பட்டது. வார்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதை அப்படியே சொன்னாள்.

"யாருங்க அது? அவசரப்படாதீங்க. மெதுவா வாங்க. நாங்க நிக்கிறோம்."

காலடி நின்றது.

பிறகு வேகமெடுத்தது.

டக்சர்ர், டக்சர்ர், டக்சர்ர். மூட்டத்தின் விளிம்பு வரை வந்து, அந்தப் பக்கத்திலேயே நின்றது. மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

அண்ணன் திரும்பி வந்தான். அவனும் கேட்டிருந்தான். "யாருக்கோ அடிபட்டிருக்கு. நீ இங்கேயே உக்காரு, அசையாத. நான் பாத்துட்டு வந்திடறேன்."

"வேண்டாம்."

"ரெண்டு நிமிஷம்." அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவளைக் கடந்து பின்னால் போனான். வெள்ளை அவனை மூடியது.

மணி பதினொன்று நாற்பது. அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பை மேல் கடுகளவு ஆலங்கட்டிகள் விழுந்து துள்ளின. பதினொன்று ஐம்பது. "அண்ணா!" என்று கூப்பிட்டாள். மூட்டம் அந்தச் சத்தத்தைப் பஞ்சில் ஊற்றிய தண்ணீர்போல் குடித்துவிட்டது.

இடப்பக்கம் ஓர் உருவம் தெரிந்தது. மழைக்கோட்டு போட்ட மாதிரிதான் இருந்தது.

"அண்ணா? யார் அது, பாத்தியா?"

"திரும்பினாலும் அதே தூரம்தான்" என்றது அண்ணனின் குரல்.

"நான் அதைக் கேக்கல. அடிபட்டவர் எங்க?"

"பாதையில போறதுக்கு எதுக்கு மலை? மாடிப்படி போதுமே!" சிரித்தது. கணவாயில் சிரித்த அதே சிரிப்பு. அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே இடத்தில் முடிந்தது.

அவள் புறங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

உருவம் ஓரடி அசைந்தது. சர்ர்ர் என்று கல் உரசியது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு மாதப் பாடு ஒரு நாளில் போச்சே! "காலை என்ன பண்ணிக்கிட்ட?" என்று கத்த வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தினாள்.

அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தது இடது காலில்.

இது நொண்டுவது வலது கால்.

"இந்தப் பக்கம் வா" என்றது அது. கை மாதிரி ஒன்று நீண்டது. "பிடிமானம் நல்லா இருக்கு."

அதே நொடியில் பின்னாலிருந்து, தூரத்திலிருந்து, அதே குரல்: "ஏய்! அசையாம இருக்கியா? இங்க யாருமே இல்ல! நான் வர்றேன்!"

இரண்டும் அண்ணன். இரண்டு குரலிலும் வித்தியாசம் இல்லை. காது கொடுத்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. குரலை நம்பாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குரலை வைத்து அவள் யாரையும் எடைபோட்டதில்லை.

வார்டில் பேசுகிற அதே தொனியில் கேட்டாள். "நடங்க. என் பக்கமா ரெண்டடி நடங்க, பாக்கலாம்."

டக். சர்ர்ர்.

டக்.

பின்னாலிருந்து ஓடிவந்தது நல்ல நடை. இடது, வலது, இடது, வலது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்போது காற்று மறுபடி வந்தது. மூட்டத்தை ஒரு நொடி கிழித்துக் காட்டிவிட்டு மூடியது.

அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. உருவம் நின்ற இடத்தில் கல் இல்லை, மண் இல்லை. முகடு அவள் காலடியிலிருந்து ஒரு முழத்தில் முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் ஆகாயம். வெகு கீழே நூல்போல் ஓர் ஆறு.

மூடிய வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அவசரப்படாதீங்க. மெதுவா வாங்க. நாங்க நிக்கிறோம்."

அவளுடைய குரல். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அண்ணன் வந்து அவள் தோளைப் பிடித்தான். "யார்கிட்ட பேசிட்டு இருந்த? எனக்கு என் குரலே கேட்டுச்சு." அவள் அவன் மழைக்கோட்டைப் பற்றிக்கொண்டாள்.

மூன்றாவது மேட்டை எப்படித் தாண்டினார்கள் என்று பின்னால் கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆலங்கட்டி நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்தது. பாறை எண்ணெய் தடவினாற்போல் வழுக்கியது. இறக்கத்தில் அண்ணன் சறுக்கி விழுந்தான். இடது முட்டி முறுக்கிக்கொண்டது. கொட்டும் மழையில் அவள் பையைத் திறந்தாள். கணவன் திணித்திருந்த கட்டுத்துணியை எடுத்து முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

இப்போது இரண்டு நொண்டல். ஒன்று அவள் பக்கத்தில், இடது கால். இன்னொன்று பத்தடி பின்னால்.

மஞ்சள் கல்லைப் பார்த்தபோது மணி இரண்டு. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தான், குழந்தையைத் தொடுகிற மாதிரி. இளைப்பாற நின்றார்கள்.

பின்னால் அதுவும் நின்றது.

"பின்னாடி பாக்காத" என்று கிசுகிசுத்தான்.

"பாக்கல."

"நாம நின்னா நிக்குது."

"தெரியும்."

"பாதைக்கு வந்துட்டோம்ல? இனி போயிடுமா?"

அவள் மழையைப் பார்த்தாள். "எப்படிப் போகும்? நிக்கிறோம்னு சொன்னது நான்தானே."

அதற்குப் பிறகு கீழே வரும்வரை ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

அடிவாரத்தில் மழை பெய்த அடையாளமே இல்லை. மணி நாலு. மஞ்சள் வெயில் காய்ந்தது. கணவன் பாதையில் தன் தைரியத்துக்கு எட்டிய தூரம் வரை ஏறிவந்து, ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மச்சானின் மறு தோளைத் தாங்கிக்கொண்டான்.

காவலர் குடிசை வாசலில் நின்று, அவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மேல யாருக்காவது பதில் சொன்னீங்களா?"

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல நடந்தது" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏழு பேர் முகட்டுல போனாங்க. கடைசியா வந்த ஆள் மூணாவது மேட்டுல விழுந்து தொடை ஒடிஞ்சிடுச்சு. 'இங்கேயே இரு, ஆளைக் கூட்டிட்டு வந்திடறோம், கணவாய்ல நிக்கிறோம்'னு சொல்லிட்டு மத்தவங்க இறங்கிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. வானம் மூடிக்கிச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் ஏற முடிஞ்சுது. விட்ட இடத்துல ஆள் இல்ல. ரெண்டு மேடு தாண்டி, கணவாய்க்குப் பக்கத்துல கிடந்தாரு. அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி அவ்வளவு தூரம் வந்தாருன்னு டாக்டருக்கே புரியல." நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்தார். "சும்மா போறவங்களை அவர் ஒண்ணும் செய்யறதில்ல. யாராவது நிக்கிறோம்னு சொன்னாத்தான்."

உள்ளே போனார். பட்டப்பகலில், அந்த வெயிலில், ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஆறு வாரத்தில் அண்ணனின் முட்டி தேறியது. ஆள் தேறவில்லை. வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவனை ஏன் ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள் என்று புரியவில்லை. லிஃப்ட் கிணற்றுக்குள் குரல் எதிரொலிக்கும். அதனால் உள்ளே நின்றுகொண்டு யார் கூப்பிட்டாலும் அவன் பதில் சொல்வதில்லையாம். மேலே வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் 'என்ன' என்பானாம். அண்ணி போன் பண்ணி அழுதாள்.

அவனும் தங்கைக்குப் போன் பண்ணுவான். ஒரே கேள்விதான்.

"உன் பக்கம் ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல அண்ணா."

உண்மையைத்தான் சொன்னாள். மலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்த நடை அவள் காதில் விழவில்லை. ஆனால் விழவில்லை என்பதே அவளை உட்கார விடவில்லை. சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பாள். பஸ்ஸில் இறங்குகிறவர்களை எண்ணுவாள். வார்டில் அந்த வாக்கியத்தை அடியோடு விட்டுவிட்டாள். தடுமாறுகிறவர்களிடம் இப்போது "வாங்க, வாங்க" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் கடுகடுப்பாகிவிட்டாள் என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. இடுப்பு மாற்றிய ஒரு பெரியவரை நடைக்கூடத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஐந்து வருஷமாகக் கண் தெரியாது. காது மட்டும் அப்படியே இருப்பதாகப் பெருமையடிப்பார். சுவரோரக் கம்பியைப் பிடித்து அவர் அடியெடுத்து வைக்க, அவள் அவருக்கு முகம் காட்டியபடி பின்பக்கமாக நடந்தாள். தரை அப்போதுதான் துடைத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பளபளத்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை.

பாதி வழியில் அவர் நின்றார். முகத்தைச் சாய்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"என்னங்க, வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பின்னாடி ஒருத்தர் வர்றாரே, அவருக்கு வழி விடுறேன். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு வர்றாரு. முதல்ல அவரைக் கவனிங்க."

அவள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கூடம் கடைசிவரை காலியாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

பெரியவர் மட்டும், யாரோ தன்னைக் கடந்து போவதைப் போல, முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். திருப்பி, திருப்பி, நேராக அவள் நிற்கும் இடத்தில் நிறுத்தினார்.

அவள் கையருகே, எதிர்ச்சுவரில் பதித்திருந்த இரும்புக் கம்பி, முழு எடையையும் போட்டு யாரோ பிடித்ததுபோல் ஒருமுறை முனகி வளைந்தது.